அரசர் முகமும் ஓவியர் கையும்



உங்கள் வீட்டுச் சுவரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதில் என்ன படம் மாட்டியிருக்கிறது? சிலர் வீட்டில் லட்சுமி படம் இருக்கும். சிலர் வீட்டில் மாதா படம் இருக்கும். சிலர் வீட்டில் காலண்டர் இருக்கும். கல்யாணத்தில் எடுத்த போட்டோ இருக்கும்.

உங்கள் கொள்ளுத் தாத்தாவின் படம் இருக்கிறதா? பல வீடுகளில் இருக்காது. "தாத்தா எப்படி இருப்பார் பாட்டி?" என்று பேரன் கேட்பான். "உன் சித்தப்பா மாதிரி இருப்பார். மூக்கு மட்டும் கொஞ்சம் நீளம்" என்று பாட்டி சொல்வார். முகம் போய்விட்டது. அதைப் பற்றிய பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அரசர்களின் கதை வேறு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரசரின் முகமும் இன்று சுவரில் இருக்கிறது. அந்த முகத்தைக் காத்து வைத்தது எது? போட்டோ அல்ல. ஓவியர்களின் கைதான். ஒருவர் வரைந்தார். அவர் வரைந்ததைப் பார்த்து இன்னொருவர் வரைந்தார். அதைப் பார்த்து வேறொருவர் வரைந்தார். இந்தக் கைவேலையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

கிழக்கேகோட்டைக்குப் போவோம்

திருவனந்தபுரம் ரயில் நிலையம் தம்பானூரில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தால் கிழக்கேகோட்டை வரும். எப்போதும் கூட்டம்தான். பஸ்கள் வரிசையாக நிற்கும். பக்கத்தில் சாலைக் கடைத்தெரு. அங்கே தமிழ்ப் பேச்சும் கேட்கும், மலையாளப் பேச்சும் கேட்கும்.

கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் பத்மநாபசுவாமி கோயில் கோபுரம் தெரியும். கோயிலுக்கு முன்னால் பத்மதீர்த்தக் குளம். குளக்கரையில் மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது அதில் இரண்டு ஆட்டுக்கிடாக்கள் ஒரு தாடிக்காரர் முகத்தில் வந்து முட்டும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

அங்கேயே குதிரைமாளிகை இருக்கிறது. அது மரவேலை நிறைந்த அரண்மனை. கூரையின் கீழே வரிசையாக 122 மரக் குதிரைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் அந்தப் பெயர். இதைக் கட்டியவர் சுவாதித் திருநாள் மகாராஜா. அவர் 1813-இல் பிறந்தார். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்டார். இசையில் பெரிய புலவர். 33 வயதிலேயே இறந்துபோனார்.

இன்று அந்த மாளிகை அரும்பொருள் காட்சியகமாக இருக்கிறது. அரச குடும்பத்தின் பொருள்கள் அங்கே உள்ளன. அரசர்களின் படங்களும் உள்ளன.

இந்த அரசர்கள் தமிழ் மக்களுக்கு அந்நியர் அல்லர். நாகர்கோவில், தக்கலை, கல்குளம் எல்லாம் முன்பு திருவிதாங்கூரில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் "பொன்னுதம்புரான்" என்று சொன்னது இந்த அரசர்களைத்தான்.

கேமரா இல்லாத காலம்

போட்டோ எடுக்கும் முறை உலகுக்குத் தெரிந்தது 1839-இல். அதற்கு முன் ஒரு முகத்தைக் காத்து வைக்க ஒரே வழி கையால் வரைவதுதான். கல்லில் செதுக்கலாம். சுவரில் எழுதலாம். துணியில் தீட்டலாம். எல்லாமே கைவேலைதான்.

அரசர்கள் அதற்காகவே ஓவியர்களை அரண்மனையில் வைத்துக்கொண்டார்கள். சுவாதித் திருநாள் காலத்தில் அப்படி இருந்தவர் அழகிரி நாயுடு. அவர் மதுரைக்காரர். அவருக்குப் பின் ராமசாமி நாயக்கர் அரண்மனை ஓவியராகப் பெயர் பெற்றார். தமிழ்நாட்டு ஓவியர்களின் கை திருவனந்தபுரம் அரண்மனைக்குள் இப்படித்தான் நுழைந்தது.

அரசரின் படம் ஒன்று போதுமா? போதாது. தர்பார் மண்டபத்துக்கு ஒன்று வேண்டும். பெண் கொடுத்த வீட்டுக்கு ஒன்று வேண்டும். வெள்ளைக்காரக் கவர்னருக்கு ஒன்று அனுப்ப வேண்டும். அரசர் ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாரா? மாட்டார். ஒருமுறை உட்காருவார். ஓவியர் அவரைப் பார்த்து வரைவார். அது அசல். பிறகு அசலைப் பார்த்துப் பல படங்கள் வரைவார்கள். அவை நகல்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்தது அல்ல. இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் என்ற அரசர் 1760-இல் பட்டத்துக்கு வந்தார். ஆலன் ராம்சே என்ற ஓவியர் அவரை முடிசூட்டு உடையில் வரைந்தார். அந்தப் படத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நகல்கள் தேவைப்பட்டன. தூதர்களுக்கும் கவர்னர்களுக்கும் அவற்றை அனுப்பினார்கள். ராம்சேயின் பட்டறையில் உதவியாளர்கள் பல ஆண்டுகள் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டினார்கள். அரசரின் பெயர் உலகுக்குத் தெரியும். ராம்சேயின் பெயர் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த உதவியாளர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பார்த்துப் பார்த்துக் கற்ற பையன்

நகல் எடுப்பது மட்டமான வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெரிய ஓவியர்களும் பார்த்து வரைந்துதான் கற்றார்கள்.

ரவிவர்மா 1848 ஏப்ரல் 29-ஆம் தேதி கிளிமானூரில் பிறந்தார். திருவனந்தபுரத்துக்கு வடக்கே இருக்கிறது அந்த ஊர். சின்ன வயதிலேயே சுவரில் கரியால் வரைவார். அவருடைய மாமா ராஜராஜவர்மாவும் படம் வரைவார். மாமா தண்டிக்கவில்லை. வரையக் கற்றுக்கொடுத்தார். 1862-இல் பையனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வந்தார். அப்போது ஆட்சியில் இருந்தவர் ஆயில்யம் திருநாள் மகாராஜா. அவர் பையனுக்கு ஆதரவு தந்தார்.

எண்ணெய் வண்ணத்தில் வரைவது அன்று புதிய வித்தை. அதை ராமசாமி நாயக்கர் அறிந்திருந்தார். ஆனால் ரவிவர்மாவுக்குச் சொல்லித்தர அவர் விரும்பவில்லை. அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவு நேரத்தில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாற்றில் சொல்வார்கள்.

1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் சொல்லித்தர மறுத்தார். பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மா பார்த்தார். எந்த வண்ணத்தோடு எதைக் கலக்கிறார்? முதலில் எங்கே தொடங்குகிறார்? நிழலை எப்படித் தீட்டுகிறார்? எல்லாவற்றையும் கண்ணாலேயே பிடித்துக்கொண்டார். பிறகு தனியாக உட்கார்ந்து செய்து பார்த்தார்.

1873-இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் ரவிவர்மாவின் படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. கூந்தலில் பூச்சூடும் ஒரு நாயர் பெண்ணின் படம் அது. அதன் பின் பரோடா, மைசூர், உதய்ப்பூர் என்று பல அரண்மனைகள் அவரை அழைத்தன.

அவர் தனியாகவும் வேலை செய்யவில்லை. அவருடைய தம்பி ராஜராஜவர்மா கூடவே இருந்தார். மாமாவின் பெயர்தான் தம்பிக்கும். இருவரும் சேர்ந்து பல படங்களை முடித்தார்கள். தங்கை மங்களாபாயும் நல்ல ஓவியர். ஆனால் ஊர் ஊராகப் போய் அரண்மனைகளில் வரைய அன்று ஒரு பெண்ணால் முடியவில்லை. அதனால் அண்ணனின் பெயர் தெரிந்த அளவுக்குத் தங்கையின் பெயர் தெரியவில்லை.

நேரில் பார்க்காத அரசர்

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

சுவாதித் திருநாள் இறந்தது 1846-இல். ரவிவர்மா பிறந்தது 1848-இல். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க முடியுமா? முடியாது. இடையில் இரண்டு ஆண்டு இருக்கிறது.

எங்காவது சுவாதித் திருநாளின் படத்தைக் காட்டி, "இது ரவிவர்மா வரைந்தது" என்று யாராவது சொல்லலாம். அப்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அரசரை நேரில் உட்காரவைத்து வரைந்திருக்க முடியாது. பழைய படம் ஒன்றைப் பார்த்து வரைந்திருக்கலாம். வயதானவர்கள் சொல்லக் கேட்டு வரைந்திருக்கலாம்.

இன்னொரு கணக்கு. ராஜஸ்தானில் மேவார் நாட்டை ஆண்டவர் மகாராணா பிரதாப். அவர் 1597-இல் இறந்தார். 1901-இல் ரவிவர்மா உதய்ப்பூர் அரண்மனைக்குப் போனார். மகாராணா பிரதாபின் படத்தை வரைந்தார். இடையில் எத்தனை ஆண்டு? 304 ஆண்டு! ஆனாலும் பிரதாப் என்றதும் பலருக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வருகிறது.

அப்படியானால் அது பொய்ப் படமா? பொய் என்று சொல்ல முடியாது. அது மனதில் கண்ட முகம். ஆனால் அதை, அரசரை நேரில் பார்த்து வரைந்த படம் என்று எண்ணிக்கொண்டால்தான் தவறு. படத்தில் பிழை இல்லை. படத்தைப் பற்றிய நம் எண்ணத்தில்தான் பிழை.

அசல் போனது, நகல் நின்றது

சில சமயம் அசல் அழிந்துவிடும். நகல்தான் காப்பாற்றும்.

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி அரசரை ஹோல்பைன் என்ற ஓவியர் 1537-இல் லண்டன் அரண்மனைச் சுவரில் வரைந்தார். கால்களை அகற்றி, மார்பை விரித்து அரசர் நிற்பார். 1698-இல் அந்த அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. சுவரோடு படமும் போயிற்று. ஆனால் தீ பிடிப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு ஓவியர் அதைப் பார்த்து ஒரு சிறிய நகல் வரைந்திருந்தார். அந்த நகலால்தான் சுவரில் என்ன இருந்தது என்று இன்று தெரிகிறது.

நம் பக்கத்திலும் ஒரு காட்சி உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றி ஓர் இருட்டான நடை இருக்கிறது. அதன் சுவரில் நாயக்கர் காலத்து ஓவியம் இருந்தது. 1931-இல் அதன் அடியில் இன்னொரு ஓவியம் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஆயிரம் ஆண்டு பழமையான சோழர் ஓவியம். அதில் இருக்கும் ஒருவரை ராஜராஜ சோழன் என்று பலர் கருதுகிறார்கள். எல்லோரும் உள்ளே போனால் மூச்சுக்காற்றும் வெப்பமும் ஓவியத்தைக் கெடுக்கும். அதனால் பொதுமக்களை அந்த நடைக்குள் விடுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நகல் பெரிய உதவி. அசல் அமைதியாக இருக்கும். மக்கள் நகலைப் பார்த்து மகிழ்வார்கள்.

எப்படி வரைகிறார்கள்?

கையால் நகல் எடுக்கும் வேலையைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் கித்தான் துணியை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். தட்டினால் மேளம் போல ஒலிக்க வேண்டும். அதன் மேல் பசையும் வெள்ளைப் பூச்சும் பூசுவார்கள். வண்ணத்தைத் துணி உறிஞ்சாமல் இருக்க அந்தப் பூச்சு.

அடுத்தது கட்டம் போடுவது. இது பழைய முறை, எளிய முறை. மாதிரிப் படம் 10 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி 50 அங்குல உயரம். மாதிரியில் ஓர் அங்குலக் கட்டங்கள் போடுவார்கள். துணியில் ஐந்து அங்குலக் கட்டங்கள் போடுவார்கள். மாதிரியில் மூக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, துணியிலும் அதே கட்டத்தில் மூக்கை வரைவார்கள். படம் ஐந்து மடங்கு பெரியதாகிவிடும். முகம் கோணாது. தமிழ்நாட்டில் சினிமா பேனர் வரைந்த ஓவியர்களும் இப்படித்தான் செய்தார்கள். சின்ன போட்டோவில் கட்டம் போட்டு நாற்பது அடி நடிகரை வரைந்தார்கள்.

பிறகு வண்ணம். வண்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்ததுதான் எண்ணெய் வண்ணம். அது மெல்லத்தான் காயும். அதனால் அவசரப்பட முடியாது. முதலில் பழுப்பு வண்ணத்தை மெல்லியதாகப் பூசி வெளிச்சம், நிழல் குறிப்பார்கள். அதன் மேல் அடுக்கு அடுக்காகத் தீட்டுவார்கள். கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும். மேல் அடுக்கில் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். மாறிப்போனால் சில ஆண்டுகளில் படம் வெடித்துவிடும்.

அரசர் படத்தில் கைத்திறன் தெரியும் இடங்கள் மூன்று. ஒன்று சரிகை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அங்கே தங்கம் இருக்காது. மஞ்சளும் பழுப்பும் வெள்ளையும் கலந்த சின்னச் சின்னத் தீற்றல்கள்தான் இருக்கும். பத்தடி தள்ளி நின்றால் அவையே சரிகையாக மின்னும். இரண்டாவது முத்து. சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. அதன் மேல் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான், முத்து ஒளிவிடும்.

மூன்றாவது கண். நேராகப் பார்ப்பது போல வரைந்த கண், நீங்கள் எங்கே நின்றாலும் உங்களையே பார்க்கும். காட்சியகங்களில் வழிகாட்டிகள் இதைக் காட்டி வியக்கவைப்பார்கள். இதில் மந்திரம் இல்லை. படம் தட்டையானது. எந்தப் பக்கம் நின்றாலும் கண்மணி கண்ணின் நடுவில்தான் தெரியும். அதனால் உங்களைப் பார்ப்பது போலவே இருக்கும்.

இந்தக் கண்ணைச் சரியாக நகல் எடுப்பதுதான் கடினம். கண் ஓரத்தில் ஒரு கோடு தடித்தால் சாந்தமான அரசர் கோபக்காரர் ஆகிவிடுவார்.

அரண்மனையிலிருந்து குடிசைக்கு

கையால் தீட்டிய படம் விலை அதிகம். அதை அரசர்களும் பணக்காரர்களும்தான் வாங்க முடியும். சாதாரண மக்கள் என்ன செய்வது?

மாதவராவ் என்ற அறிஞர் இதை யோசித்தார். அவர் முன்பு திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். 1884-இல் ரவிவர்மாவுக்கு ஒரு யோசனை சொன்னார். "ஒருவர் கையால் இத்தனை பேருக்கு வரைந்து கொடுக்க முடியாது. சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடிக்கலாம்" என்பது அதன் கருத்து. பத்து ஆண்டுக்குப் பின், 1894-இல், ரவிவர்மா பம்பாயில் தாமே ஓர் அச்சகம் தொடங்கினார்.

அந்த அச்சுக்குக் கல் பயன்பட்டது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். ஒரே தாளை ஒவ்வொரு கல்லிலும் மாற்றி மாற்றி வைத்து அச்சடிப்பார்கள். கடைசியில் எண்ணெய் ஓவியம் போன்ற பளபளப்பு வரும். லட்சுமி, சரஸ்வதி, சகுந்தலை, தமயந்தி எல்லோரும் தாளில் வந்தார்கள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கிழக்கேகோட்டைக் கோயிலுக்குள் எல்லோரும் போக முடியாது. சாதியின் பெயரால் பல மக்களைக் கோயில் வாசலிலேயே தடுத்தார்கள். 1936 நவம்பர் 12-ஆம் தேதிதான் சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவு ஆணையை வெளியிட்டார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அச்சுப் படம் வந்துவிட்டது. கோயிலுக்குள் விடப்படாதவரும் ஒரு படத்தை வாங்கித் தம் வீட்டில் வைத்துக் கும்பிட முடிந்தது. நகல் செய்த பெரிய காரியம் இது. அந்தச் சித்திரைத் திருநாள் ரவிவர்மாவின் பேத்தி மகன் என்பது இன்னொரு செய்தி.

அச்சகத்தில் கடன் ஏறியது. ரவிவர்மா அதை ஒரு ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். 1906 அக்டோபர் 2-ஆம் தேதி அவர் இறந்தார். ஆனால் நகல் நிற்கவில்லை. கோவில்பட்டியில் கொண்டையராஜு போன்ற ஓவியர்கள் சாமி படங்கள் வரைந்தார்கள். சிவகாசியில் அவை காலண்டர்களாக அச்சாயின. நம் வீட்டுச் சுவருக்கு வந்தன.

உண்மை நகலும் போலியும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

ரேஷன் கார்டுக்கோ, பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கவோ நீங்கள் சான்றிதழின் நகலைக் கொடுப்பீர்கள். அதில் அதிகாரி "உண்மை நகல்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த நகலுக்கு மதிப்பு உண்டு. ஏனென்றால் அது தன்னை நகல் என்றே சொல்லிக்கொள்கிறது. அதையே அசல் என்று சொல்லி நீட்டினால்? அது மோசடி.

ஓவியத்திலும் இதே நியாயம்தான். ரவிவர்மாவின் படத்தைப் பார்த்து வரைவது குற்றம் இல்லை. நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. ஓவியர் இறந்து 60 ஆண்டு வரைதான் இப்போது அந்த உரிமை இருக்கும். ரவிவர்மா இறந்து நூறு ஆண்டு தாண்டிவிட்டது. அதனால் யாரும் பார்த்து வரையலாம், விற்கலாம். தன் பெயரைக் கீழே எழுதி, "ரவிவர்மா ஓவியத்தைப் பார்த்து வரைந்தது" என்று சேர்த்தால் அது நேர்மையான தொழில். ஒரு குடும்பம் அதில் சோறு சாப்பிடலாம்.

தன் பெயரை மறைத்து, கீழே ரவிவர்மாவின் கையெழுத்தைப் போட்டால் அது போலி. அவருடைய அசல் படங்கள் இன்று கோடிக் கணக்கில் விலை போகின்றன. 1979-இல் மத்திய அரசு அவற்றை நாட்டின் கலைச் செல்வம் என்று அறிவித்தது. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் விற்க முடியாது. இவ்வளவு மதிப்பு இருப்பதால்தான் போலிகளும் வருகின்றன.

ஒரு கடையில் இப்படிப் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணாச்சி, இந்த ராஜா படம் அசலா?"

"அசல்தான் அக்கா. அரண்மனையிலிருந்து வந்தது. பழைய படம்."

"கீழே எழுத்து இருக்குதே அண்ணாச்சி. அது என்ன?"

"அது ஏதோ கம்பெனி பேரு. அதையெல்லாம் பார்க்காதீங்க."

அதைத்தான் பார்க்க வேண்டும்! எழுத்துத் தெரியாத காலத்தில் கடைக்காரர் சொன்னதை நம்ப வேண்டியிருந்தது. இப்போது அப்படி இல்லை. அந்த ஒரு வரியைப் படித்தால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

மீதிப் பாதிக்குச் சில வழிகள் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். முகம் முழுவதும் ஒரே அளவாகச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு. இப்போது கணினி அச்சைக் கித்தான் துணியிலேயே அடிக்கிறார்கள். தூரத்தில் பார்த்தால் கையால் தீட்டியது போலவே இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் பட வைத்துப் பாருங்கள். கையால் தீட்டியதில் தூரிகையின் மேடு பள்ளம் தெரியும். படத்தின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பழைய படம் என்று சொல்லும்போது துணியும் சட்டமும் ஆணியும் புத்தம்புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். விலை கொடுத்து வாங்கினால் ரசீது கேளுங்கள். "கையால் வரைந்த நகல்" என்றோ "அச்சுப் படம்" என்றோ ரசீதில் எழுதி வாங்குங்கள்.

காட்சியகத்தில் மட்டும் எதையும் தொடாதீர்கள். விரலில் இருக்கும் வியர்வையும் எண்ணெயும் படத்தைக் கெடுத்துவிடும்.

கீழே இருக்கும் வரி

அடுத்த முறை திருவனந்தபுரம் போனால் குதிரைமாளிகையைப் பாருங்கள். அருங்காட்சியக வளாகத்தில் 1935-இல் தொடங்கிய ஸ்ரீசித்திரா ஓவியக்கூடத்தையும் கேட்டறிந்து போங்கள். பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கேயும் போகலாம்.

முன்பெல்லாம் படத்தை மட்டும் பார்த்திருப்பீர்கள். "எவ்வளவு நகை, எவ்வளவு பெரிய மீசை" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பீர்கள். இனி கீழே இருக்கும் சின்ன அட்டையையும் படியுங்கள். படத்தில் இருப்பவர் யார்? எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வாழ்ந்தார்? வரைந்தவர் யார்? எந்த ஆண்டில் வரைந்தார்? ஆண்டுகளைக் கழித்துப் பாருங்கள். நேரில் பார்த்து வரைந்ததா, நகலா, மனதில் கண்ட முகமா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

சில அட்டைகளில் வரைந்தவர் பெயர் இருக்காது. அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரு மனிதர் பல வாரம் நின்று அந்தக் கண்ணைத் தீட்டியிருக்கிறார். அரசரின் பெயர் நின்றது. அவர் பெயர் போய்விட்டது. பெயர் எழுதாத வேலைக்காரரின் உழைப்பு எப்படி மறைந்துபோகும் என்பது உழைக்கும் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் ஊரிலும் கையால் படம் வரைகிறவர் யாராவது இருப்பார். கடைப் பலகை எழுதுவார். கோயில் சுவரில் வண்ணம் தீட்டுவார். இறந்தவர்களின் பழைய போட்டோவைப் பார்த்துப் பெரிய படம் வரைந்து தருவார். அவரிடம் படம் வாங்கினால் ஒன்று சொல்லுங்கள்: "ஐயா, உங்க பேரையும் வருஷத்தையும் கீழே எழுதிக் கொடுங்க."

அவர் எழுதட்டும். உங்கள் பேரப் பிள்ளைகள் அதைப் படிக்கட்டும்.

 

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு படத்தை எடுத்துப் பாருங்கள். அது கையால் வரைந்ததா, அச்சிட்டதா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

2. ஓர் அரசர் 1758-இல் இறந்தார். அவர் படத்தின் கீழே "1890-இல் வரைந்தது" என்று எழுதியிருக்கிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது?

3. உங்கள் ஊரில் படம் வரைகிறவர் யார்? அவர் யாரிடம் தொழில் கற்றார்? கேட்டு எழுதி வாருங்கள்.